புதுக் கட்டடமும் புதுப்பிப்பும்: கொங்கு மண்டலத்துக்கான எரிசக்தி விதிகள்

கட்டடங்களின் மின்செலவுக்கு வரம்பு கட்டும் அதிகாரத்தை இந்தியாவில் அரசுக்குத் தந்தது 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம். அது 2002 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திர முத்திரை தரும் பி.இ.இ. எனப்படும் எரிசக்தித் திறன் பணியகமும் அன்றுதான் தொடங்கியது. வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007 மே மாதம் வெளியாகி, 2017-ல் திருத்தி எழுதப்பட்டது. வீடுகளுக்கென்று ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற தனித் தொகுப்பு 2018 டிசம்பர் 14 அன்று வந்தது. 2022-ல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, குடியிருப்புக் கட்டடங்களையும் அதன் வரையறைக்குள் சேர்த்தது. 2023 ஜனவரி 1 முதல் அந்தத் திருத்தம் நடப்பில் இருக்கிறது. 2024-ல் இரண்டு தொகுப்புகளும் மறுபடி புதுப்பிக்கப்பட்டன. நீர்ச் சிக்கனம், கழிவு மேலாண்மை போன்றவையும் அப்போது உள்ளே வந்தன.

இவை தில்லியில் எழுதப்படும் மாதிரி ஆவணங்கள். ஒரு மாநிலம் தன் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் திருத்தி அரசிதழில் அறிவிக்கும் வடிவமே அங்கே செல்லுபடியாகும். தமிழ்நாட்டில் இச்சட்டத்துக்கான மாநில முகமை மின் ஆய்வுத் துறை. கட்டட அனுமதியோ 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உள்ளாட்சி அல்லது நகர் ஊரமைப்புத் துறை வழியாக வருகிறது. ஒரே கட்டடத்துக்கு இப்படி இரண்டு வாசல்கள் இருப்பதால்தான் பெரிய திட்டங்களில் எரிசக்திக் கணக்கு கடைசி நிமிடத்தில் நினைவுக்கு வருகிறது. வரைபடம் போடும் நாளிலேயே, அன்றைக்கு நடப்பில் உள்ள மாநில அறிவிக்கையைக் கட்டடக் கலைஞர் எடுத்து வைத்துக்கொள்வது முறை.

யாருக்குக் கட்டாயம்

மத்தியச் சட்டத்தின் எல்லைக்கோடு மின்சுமையில் இருக்கிறது. இணைப்புச் சுமை 100 கிலோவாட்டோ, ஒப்பந்தத் தேவை 120 கே.வி.ஏ.வோ அதற்கு மேலோ உள்ள கட்டடம் விதிக்குள் வரும். மாநிலம் விரும்பினால் இந்த வரம்பைக் குறைக்கலாம். ஒன்றரை டன் ஏசி ஒன்று ஏறத்தாழ ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் கிலோவாட் எடுக்கும். அப்படி ஓர் அறுபது ஏசி ஓடும் இடம் மற்றச் சுமைகளைச் சேர்க்காமலே கோட்டைத் தொட்டுவிடுகிறது. நான்கு மாடி ஜவுளிக்கடை, தனியார் மருத்துவமனை, பொறியியல் கல்லூரி, முழுவதும் ஏசி போட்ட கல்யாண மண்டபம், ஐ.டி. வளாகம் ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். வீட்டுக்கு நான்கு கிலோவாட் என்று வைத்துக்கொண்டால் இருபத்தைந்து வீடுகள் கொண்ட அடுக்ககமும் அதே அளவை எட்டும்.

பைக்காரா நீர்மின்சாரம் 1930-களில் வந்ததிலிருந்து கோவையின் மின்சாரத்தில் பெரும்பங்கைக் குடித்து வளர்ந்த நூற்பாலைகளின் இயந்திரங்களை இந்தக் கட்டட விதி தொடுவதில்லை. வணிகத் தொகுப்பு பட்டியலிடும் வகைகள் விடுதி, மருத்துவமனை, கூட்ட அரங்கு, அலுவலகம், கல்விக்கூடம், வணிக வளாகம் போன்றவை. திருப்பூர் பனியன் கம்பெனியின் தகர ஷெட்டில் தைக்கும் பெண்களின் தலைக்கு மேல் இருக்கும் வெப்பத்துக்கு இதில் பதில் இல்லை. அது பெரிய ஓட்டைதான். ஆனால் அந்த ஷெட்டுக்கும் கீழே வரும் கூரைக் கணக்கு அப்படியே பொருந்தும்.

தனி வீடுகளின் நிலை வேறு. 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பு 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கு என்றே எழுதப்பட்டது. அது பன்னிரண்டே கால் சென்ட்டுக்குச் சற்று மேல். சரவணம்பட்டியிலும் சூலூரிலும் விற்கும் 3 சென்ட், 5 சென்ட் சைட்டுகள் அதன் பக்கத்திலேயே வராது. கொங்கு மண்டலத்தில் ஆண்டுதோறும் எழும் வீடுகளில் பெரும்பாலானவற்றை எந்த அதிகாரியும் இந்த விதியைச் சொல்லி நிறுத்தப் போவதில்லை. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. வசதிதான், ஆனால் வரைபடத்தை வேறு ஒரு கண் பார்க்கும் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது. ஆகவே சிறு வீடு கட்டுபவருக்கு இந்தத் தொகுப்பு கட்டளையாக வராது. அதிலுள்ள எண்களை அவரே அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூரைக்கு ஓர் எண்

வீட்டுத் தொகுப்பில் உள்ள நிபந்தனைகளில் எளிதானதும் பலன் அதிகமானதும் கூரையைப் பற்றியது. கூரையின் யு மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது. வெளியே உள்ளதற்கும் உள்ளே உள்ளதற்கும் ஒரு டிகிரி வெப்ப வேறுபாடு இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே யு மதிப்பு. எண் சிறியதாக இருந்தால் தடுப்பு வலியது.

வழக்கமாகப் போடும் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்துக்கு இது 3.4 அளவில் வரும். விதி கேட்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் நான்கு அங்குலம் போட்டுத் தட்டோடு பதித்தாலும் 2-க்குக் கீழே இறங்காது. பழைய முறை மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. மழைநீர் வடியவும் சூட்டைத் தாமதப்படுத்தவும் அது உதவுகிறது. தடுக்கும் வேலைக்கு மட்டும் அது போதாது. எக்ஸ்.பி.எஸ். எனப்படும் கெட்டியான நுரைப் பலகை ஓர் அங்குலம் சேர்த்தால் அதே தளம் 0.9-க்கு வந்துவிடுகிறது. இரண்டு அங்குலம் போட்டால் 0.5. இதற்கு ஆகும் செலவு கட்டடச் செலவில் சிறு பங்கு. ஆனால் தளம் போட்ட பிறகு கையில் பணம் தீர்ந்திருக்கும் நேரத்தில் இந்த வேலை வருவதால், முதலில் வெட்டப்படுவதும் இதுதான்.

பலகை தளத்துக்கு மேலே இருக்க வேண்டும். கீழே, அறைக்குள் ஒட்டினால் கான்கிரீட் பகல் முழுதும் காய்ந்துகொண்டே இருக்கும். விரிந்து சுருங்கி வெடிப்பு விடும். முறையான அடுக்கு இப்படி: தளம், அதன் மேல் வாட்டர் புரூஃபிங், அதன் மேல் பலகை, பிறகு வாட்டம் கொடுத்த கலவை, கடைசியாக ஓடு. கோவையில் ‘கூலிங் டைல்ஸ்’ என்று விற்கும் வெள்ளை ஓடு வெயிலைத் திருப்பி அனுப்புவதால் தளம் ஏறும் சூட்டையே குறைக்கிறது. யு மதிப்பை அது பெரிதாக மாற்றாது. இரண்டும் வெவ்வேறு வேலை என்பதால் வெள்ளை ஓடு இருந்தால் பலகை வேண்டாம் என்ற கடைக்காரரின் பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வெள்ளை ஓட்டில் தூசி படிந்தால் பலன் குறையும். ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் பல்லடம், உடுமலைப் பக்கங்களில் ஆண்டுக்கு ஓரிரு முறை கழுவித்தான் ஆக வேண்டும்.

வணிகக் கட்டடத்துக்கு விதி இன்னும் கடுமை. 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பில் பெரும்பாலான வகைகளுக்குக் கூரை மதிப்பு 0.33. அதை எட்ட மூன்று அங்குலத்துக்கு மேல் பலகை வேண்டும்.

சுவரும் கண்ணாடியும்

சுவர்களையும் ஜன்னல்களையும் சேர்த்துக் கணக்கிடும் எண்ணுக்கு ஆர்.இ.டி.வி. என்று பெயர். சிங்கப்பூரிலும் இதே பெயரில் ஓர் அளவு உண்டு. அங்கே சூத்திரம் வேறு என்பதால் எண்களை நேராக ஒப்பிட முடியாது. இந்தியத் தொகுப்பில் உச்சவரம்பு சதுர மீட்டருக்கு 15 வாட். ஊட்டி போன்ற குளிர் மண்டலத்துக்கு வேறு கணக்கு.

கொங்குச் சமவெளிக்குப் பொருந்தும் வெப்ப ஈர மண்டலத்துக்கான சூத்திரத்தில் சுவரின் யு மதிப்பை 5.15-ஆல் பெருக்க வேண்டும். கண்ணாடியின் யு மதிப்பை 1.31-ஆலும், வெயிலை உள்ளே விடும் விகிதமான எஸ்.எச்.ஜி.சி.யை 65.21-ஆலும் பெருக்க வேண்டும். கடைசி எண்தான் கதையைச் சொல்கிறது. இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் யு மதிப்பு சுமார் 2.2, கணக்கில் அது 11 வாட். நிழலில்லாத சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதே பரப்பில் 60 வாட். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஐந்து சதுர மீட்டர் சுவருக்குச் சமமாகச் சூட்டை உள்ளே கொண்டுவருகிறது.

இதை ஒரு வீட்டில் போட்டுப் பார்க்கலாம். திசைக்கான பெருக்கியை ஒதுக்கிவிட்டால், செங்கல் சுவரில் 15 விழுக்காடு கண்ணாடி வைத்த வீட்டுக்கு 18.5 வருகிறது, தேறவில்லை. எல்லா ஜன்னலுக்கும் நல்ல சன்ஷேடு கொடுத்து வெயில் விகிதத்தை 0.8-லிருந்து 0.5-க்கு இறக்கினால் 15.5, விளிம்பில் நிற்கிறது. சன்ஷேடு இல்லாமல் சுவரை மட்டும் எட்டு அங்குல ஏ.ஏ.சி. எனப்படும் இலேசான நுரைக் கான்கிரீட் பிளாக்குக்கு மாற்றினால் 12.5. செங்கல்லையே வைத்துக்கொண்டு, சன்ஷேடும் கொடுத்து, கண்ணாடியை 10 விழுக்காட்டுக்குக் குறைத்தால் 14 சொச்சம். விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லாமலே தேறிவிடலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் கண்ணாடியைக் குறைக்கிறேன் என்று ஜன்னலையே சுருக்கினால் இன்னொரு விதி தடுக்கும். திறக்கக்கூடிய பரப்பு, வெப்ப ஈர மண்டலத்தில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 167 சதுர அடி. பால்கனிக்குத் திறக்கும் கதவும் வெண்டிலேட்டரும் இதில் சேரும். இரண்டு தடம் ஓடும் யு.பி.வி.சி. ஸ்லைடிங் ஜன்னல் எவ்வளவு பெரிதானாலும் பாதிதான் திறக்கும், கணக்கிலும் பாதிதான். முழுவதும் திறக்கும் பழைய மரக் கதவு ஜன்னல் இரண்டு விதிகளையும் ஒருசேர நிறைவேற்றுகிறது. மரப்பலகை கண்ணாடிக் கணக்கில் ஏறாது, திறந்தால் முழுப் பரப்பும் காற்றுக்கு. மேலே கண்ணாடியும் கீழே மரமுமாகப் போட்டால் வெளிச்சத்துக்கும் குறைவில்லை. தொட்டிக்கட்டு வீடுகளின் ஆசாரத்தில் இன்னும் நிற்கும் அந்த ஜன்னல்களை எடைக்குப் போடுமுன் ஒரு முறை யோசிக்கலாம்.

சுவர்ப் பொருளைப் பற்றிய முடிவு இப்போது கோவையில் முன்போல் எளிதாக இல்லை. தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகள் 2021-ல் மூடப்பட்ட பிறகு சிமென்ட் பிளாக், ஃப்ளை ஆஷ் கல், ஏ.ஏ.சி. ஆகியவை அந்த இடத்துக்குப் போட்டியிடுகின்றன. இவற்றைச் சமமாக நினைப்பது தவறு. கெட்டியான சிமென்ட் சாலிட் பிளாக் செங்கல்லைவிட வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஏ.ஏ.சி. சுவரின் யு மதிப்பு 0.8 அளவுக்கு இறங்கும். ஆனால் அதற்குரிய ஒட்டுக் கலவையும், தூணோடு சேரும் இடத்தில் வலையும் இல்லாமல் பூசினால் வெடிப்பு நிச்சயம். அதில் பழகிய கொத்தனார் கிடைக்காத ஊரில் செங்கல்லும் நிழலுமே பாதுகாப்பான வழி.

எந்தத் திசைக்கு எவ்வளவு நிழல்

கோவை ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 19-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நான்கு மாதமும் அது வடக்கே சாய்ந்திருக்கிறது. வடக்குச் சுவரில் வெயில் படாது என்பது வட இந்தியப் புத்தகங்களில் இருந்து வந்த நம்பிக்கை. 2017 தொகுப்பு இதைக் கவனித்திருக்கிறது: 15 டிகிரிக்கு வடக்கே உள்ள ஊர்களில் வடக்குக் கண்ணாடிக்கு 0.50 வரை வெயில் விகிதம் அனுமதி. அதற்குத் தெற்கே உள்ள ஊர்களில் எல்லாத் திசைக்கும் 0.27 தான்.

தெற்குச் சுவரில் மார்கழி வெயில் விழும்; அப்போது அது பெரிய தொந்தரவும் இல்லை, இரண்டடி சன்ஷேடே பெரும்பகுதியை மறைத்துவிடும். உண்மையான எதிரி மேற்கு. வீட்டுத் தொகுப்பின் திசைப் பெருக்கி வடக்குக்கு 0.659, மேற்குக்கு 1.156. மாலை நான்கு மணி வெயில் தாழ்வாக வருவதால் தலைக்கு மேல் நீட்டிய சன்ஷேடு அங்கே பயன்படாது. நிமிர்ந்து நிற்கும் தடுப்பு, ஜாலிச் சுவர், வெளிப்புறத் தட்டி, மரம் இவைதான் வேலை செய்யும். படிக்கட்டு, குளியலறை, பொருள் வைக்கும் அறை ஆகியவற்றை மேற்கே தள்ளுவது செலவில்லாத வழி. இங்கே வாஸ்து குறுக்கிடுகிறது. பெரிய படுக்கையறையைத் தென்மேற்குக் கன்னி மூலையில் வைப்பதே கொங்கு நாட்டு வழக்கம். வெயில் காய்ந்த மேற்குச் சுவர் இரவு ஒன்பது மணிக்கு அந்த அறைக்குள்தான் சூட்டை விடும். அறையை மாற்ற வீட்டார் சம்மதிக்காவிட்டால், மேற்குச் சுவரில் ஜன்னலைத் தவிர்த்து, அந்த ஒரு சுவரை மட்டும் ஏ.ஏ.சி.யிலோ இரட்டைச் சுவராகவோ கட்டலாம். காற்றுக்குத் தெற்கு ஜன்னல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று தென்மேற்கிலிருந்து வருவதால், எதிர்ப்புறத்திலும் ஒரு திறப்பு இருந்தால் அந்த அறைக்கு அதுவே பெரிய நன்மை.

பெரிய கட்டடங்களுக்கு மேலும் சில

வணிகத் தொகுப்பில் சுவர்ப்பரப்பில் கண்ணாடி 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அவிநாசி சாலையில் தரை முதல் உச்சி வரை கண்ணாடி மாட்டிய முகப்புகளைப் பார்த்துப் பழகிய கட்டட உரிமையாளருக்கு இது கசக்கும். முகப்பு ஒன்றுக்கு மட்டும் கண்ணாடி, மற்ற மூன்று பக்கமும் சுவர் என்றால் கணக்கு சரியாக வந்துவிடும். விளக்குகளுக்கும் வரம்பு உண்டு: அலுவலகத்தில் சதுர மீட்டருக்கு 9.5 வாட். எல்.இ.டி. வந்த பிறகு இதைக் கடப்பது கடினமில்லை. நகைக்கடைகள் மட்டும் திணறும். குளிரூட்டும் இயந்திரம், பம்ப், மின்மாற்றி ஆகியவற்றுக்கும் குறைந்தபட்சத் திறன் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த அடிப்படை நிலைக்கு மேல் ‘பிளஸ்’, ‘சூப்பர்’ என்று இரு படிகள் விருப்பத்தின் பேரில் உள்ளன. ஐ.ஜி.பி.சி., கிருஹா போன்ற பசுமைத் தரச் சான்றுகள் தனி ஏற்பாடு. சட்டப்படியான இணக்கத்துக்கு அவற்றை மாற்றாகக் காட்டக் கூடாது. சட்டத்தை மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

புதுப்பிக்கும்போது

இருக்கும் கட்டடத்தில் மாடி எடுப்பதோ பகுதி சேர்ப்பதோ நடந்தால், பழையதும் புதியதும் சேர்ந்து 100 கிலோவாட்டைத் தாண்டுகிறதா என்பதே வணிகத் தொகுப்பின் கேள்வி. தாண்டினால் சேர்க்கும் பகுதி விதிப்படி இருக்க வேண்டும். உரிமையாளர் விரும்பினால் முழுக் கட்டடத்தையும் ஒன்றாகக் கணக்கிட்டுக் காட்டலாம். மாற்றியமைக்கும் வேலையில், கை வைக்கும் பாகத்துக்கு மட்டுமே விதி. ஏசியை மாற்றினால் ஏசிக்கு, விளக்கை மாற்றினால் விளக்குக்கு. உடைந்த கண்ணாடியை அதே ஜன்னல் சட்டகத்தில் மாற்றும்போது, புதியது பழையதைவிட மோசமாக இல்லாவிட்டால் போதும்.

சாதாரண வீட்டுப் புதுப்பிப்பில் எந்த விதியும் கேட்காது. பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது என்பதே கேள்வி. தனி வீட்டிலும் அடுக்ககத்தின் மேல்மாடியிலும் முதல் செலவு கூரைக்கு. ஒழுக்கை அடைத்து, பலகை போட்டு, வெள்ளை ஓடு பதிப்பது ஒரே வேலையாக முடியும். கையில் பணம் குறைவென்றால் சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ அடித்து ஒரு கோடையைக் கடக்கலாம். மாடியில் சூரிய மின்தகடு வைக்கும் எண்ணம் இருந்தால் கூரை வேலையை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். தகட்டைக் கழற்றி மாட்டுவது வீண் செலவு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அதற்கு 300 சதுர அடிக்குக் குறையாத நிழலில்லாத இடம் வேண்டும். தகடு மறைக்கும் பகுதியில் தளமும் குளிர்ந்திருக்கும்.

இரண்டாவது செலவு மேற்கு ஜன்னல்களின் வெளிநிழல். உள்ளே தொங்கும் திரை, கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெயிலைத்தான் மறைக்கிறது. மூன்றாவது மின்விசிறி. பழைய விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் ஓடும். நாள் முழுதும் சுழலும் நான்கைந்து விசிறிகளில் இரண்டு மாதக் கணக்கில் வரும் மின்கட்டணத்தின் படிநிலையே மாறிவிடக்கூடும். ஏசி இதற்கெல்லாம் பிறகு. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன. கூரை சரியாக இருக்கும் அறையில் அதற்குக் கீழே இறக்கத் தேவை வராது; ஒன்றரை டன் கேட்ட அறைக்கு ஒரு டன் போதும் என்றும் ஆகலாம். ஏசியை முதலில் வாங்கிவிட்டுக் கூரையைப் பிறகு பார்ப்பவர், தேவைக்கு மேற்பட்ட இயந்திரத்துக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறார்: கடையில் ஒரு முறை, மின்கட்டணத்தில் ஒரு முறை.